வற்றிய ஏரிக்கு மதகை அடைத்து என்ன பயன்? குடியாத்தம் பக்கத்துக் கட்டுவிரியன் கடி: நிகழ்வு ஆய்வு

நோயாளி 38 வயதுப் பெண். எடை 52 கிலோ. பீடி சுற்றும் வேலை. குடியாத்தத்துக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவே ஓட்டு வீடு. செப்டம்பர் மாதம், இரண்டு நாள் பெய்த மழை விட்ட இரவு. முன்னறையில் பீடி இலை மூட்டைகளை ஒட்டிப் பாய் விரித்துப் படுத்திருந்தார். பாம்பை அவரும் பார்க்கவில்லை, வீட்டில் வேறு யாரும் பார்க்கவில்லை. கடிவாய் கடைசிவரை அகப்படவில்லை.

இது ஒரே ஆளின் கேஸ் ஷீட் அல்ல. வட ஆற்காட்டுப் பகுதியில் மழைக்காலத்தில் திரும்பத் திரும்ப வரும் கட்டுவிரியன் கடிகளின் போக்கை, பயிற்சிக்காக ஒரே நோயாளியின் மேல் கோத்து எழுதியது. இதில் வரும் நேரங்களும் அளவுகளும் இப்படிப்பட்ட கேஸ்களில் வழக்கமாக வருபவை. ஆஸ்பத்திரிகளின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். நாங்கள் எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: 30 வயல் (மருந்துக் குப்பி) விஷமுறிவு மருந்து ஏறியும் அந்த அம்மாவின் கண்ணிமை ஏன் ஒரு மில்லிமீட்டர்கூட எழவில்லை?

வீட்டில் கழிந்த மூன்றரை மணி நேரம்

இரவு 2.30க்கு வயிற்று வலியில் விழிப்பு வந்தது. தொப்புளைச் சுற்றிப் பிசையும் வலி, ஒரு வாந்தி. மாமியார் எழுந்து விளக்கைப் போட்டார்.

"இன்னாம்மா, ராத்திரி கருவாட்டுக் கொழம்பு ஒத்துக்கலியா?"

"வவுத்தப் புடிச்சி இழுக்குது அத்தே. தொண்டையும் ஒரு மாதிரி அடைக்குது."

சீரகத் தண்ணீர் கொடுத்தார்கள். நாலே முக்காலுக்கு அந்தத் தண்ணீரே தொண்டையில் இறங்கவில்லை, மூக்கு வழியாகத் திரும்பியது. ஐந்தரைக்கு மகள் முகத்தைப் பார்த்துவிட்டு, "எம்மா, கண்ண நல்லா தொறந்து பாரும்மா" என்றாள். திறக்க முடியவில்லை. பேச்சு மூக்கால் வந்தது. அப்போதுதான் வண்டி பிடித்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி 6.10.

மழைக்காலம், தரையில் தூக்கம், நடுராத்திரியில் காரணம் தெரியாத வயிற்று வலி, விடியற்காலையில் சரியும் இமை. இந்த நான்கும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால், வேறு காரணம் நிரூபணமாகும்வரை அது கட்டுவிரியன்தான். வீக்கம் இருக்காது, கடிவாய் தெரியாது. கட்டுவிரியனின் பல் சின்னது. தூக்கத்தில் புரண்டு அதன்மேல் கை பட்டால் கடிக்கிறது, கொசு கடித்த அளவுக்குத்தான் உறைக்கிறது. வீட்டுக்குள் அது வருவது எலி, பல்லி, சிறு பாம்பு தேடி. மூட்டை அடுக்கிய மூலைகள் அதற்குத் தோதான இடம்.

பெயர் செய்த குழப்பம்

கட்டுவிரியன், எண்ணெய் விரியன், எட்டடி விரியன் என்று பல பெயர் சொன்னாலும் இந்தப் பாம்பு விரியன் குடும்பமே அல்ல. நல்ல பாம்பின் குடும்பம். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் ரத்தம் உறைவதைக் கெடுக்கும். கட்டுவிரியன் ரத்தத்தைத் தொடாது, நரம்பில் கை வைக்கும். இதைப் படித்தவர்கூட 'விரியன்' என்ற சொல் காதில் விழுந்ததும் முதலில் ரத்தத்தைத்தான் பார்க்கிறார். இங்கும் அதுதான் நடந்தது.

6.20க்கு 20 நிமிட உறைதல் சோதனை தொடங்கியது: புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம், 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்ப்பது. சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயோ பிளாஸ்டிக் குழாயோ என்றால் நல்ல ரத்தம்கூட உறையாமல் நின்று ஆளை ஏமாற்றும். இங்கே குழாய் சரி, செய்முறையும் சரி. ரத்தம் கட்டியாக உறைந்திருந்தது. "ஒறைஞ்சிடுச்சி, பயமில்ல" என்று உறவினரிடம் சொன்னார்கள்.

அந்தச் சோதனை சொன்னது கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியாக இருக்க வாய்ப்புக் குறைவு என்பதை மட்டும். விஷமே ஏறவில்லை என்று அது சொல்லவில்லை. இமை சரிந்து, விழுங்க முடியாமல் ஒருவர் எதிரே இருக்கும்போது அந்த 20 நிமிடத்துக்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. குழாய் ஒரு பக்கம் நிற்கட்டும், இன்னொரு பக்கம் வயலைக் கரைக்கத் தொடங்கிவிட வேண்டும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கண்ணாடி விரியன் கடியிலும் இமை சரிவதுண்டு. அதைப் பிரித்துக் காட்டத்தான் இந்தச் சோதனை உதவும்.

6.15க்கு எடுத்த குறிப்பு: நாடி 118, ரத்த அழுத்தம் 160/100, ஆக்சிஜன் செறிவு 97 சதவீதம். இமைகளுக்கு இடையே இரண்டு கண்ணிலும் 4 மி.மீ. (வழக்கமாக 9, 10 இருக்கும்.) மல்லாந்து படுத்து தலையைத் தலையணையிலிருந்து தூக்கச் சொன்னதில் 3 வினாடி தாங்கியது. ஒரே மூச்சில் எண்ணச் சொன்னதில் 17 வரை போனார். நல்ல நிலையில் இருப்பவர் 30ஐத் தாண்டுவார். நாடியும் அழுத்தமும் ஏறியிருந்ததைப் 'பயம்' என்று எழுதியிருந்தார்கள். கட்டுவிரியன் விஷம் தானியங்கி நரம்புகளையும் கலைக்கும். அதன் அடையாளமும் இதேதான்.

மருந்து கரைத்தல்

விஷமுறிவு மருந்து, அதாவது எல்லோரும் சொல்லும் ஏ.எஸ்.வி., தூளாக வருகிறது. வயலுக்கு 10 மி.லி. சுத்த நீர் விட்டுக் கரைக்க வேண்டும். அவசரத்தில் குலுக்கினால் நுரை கட்டி, கரைந்ததா இல்லையா என்றே தெரியாது, புரதமும் கெடும். உள்ளங்கையில் வைத்து உருட்ட வேண்டும். ஒரே நர்ஸ் 10 வயல் கரைக்க கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு பேர் உட்கார்ந்தால் நேரம் பாதியாகும். இங்கே ஒருவர்தான்.

10 வயல், 100 மி.லி. அதை 300 மி.லி. நார்மல் சலைனில் சேர்த்து ஒரு மணி நேரத்தில் ஏற்றுவது திட்டம். 7.05க்கு ட்ரிப் தொடங்கியது. முன்கூட்டித் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை செய்யவில்லை, அது சரியே. அந்தச் சோதனை ஒவ்வாமையை முன்னறிவிக்காது, நேரத்தைத்தான் தின்னும். அதைவிட முக்கியம், ட்ரிப்பைத் திறக்கும் முன்பே சிரிஞ்சில் அட்ரினலின் ஏற்றி வைப்பது. 14-ஆவது நிமிடத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, அழுத்தம் 90/60. ட்ரிப்பை நிறுத்தி, தொடையின் வெளிப்பக்கத் தசையில் அட்ரினலின் 0.5 மி.கி., அதாவது ஆயிரத்துக்கு ஒன்று கரைசலில் 0.5 மி.லி. போட்டார்கள். 20 நிமிடத்தில் அழுத்தம் மீண்டது. 7.40க்கு மெதுவாக மறுபடியும் தொடங்கினார்கள். இந்தப் பகுதியில் குறை சொல்ல எதுவுமில்லை. ஒவ்வாமை வந்த பயத்தில் மருந்தை அடியோடு நிறுத்தி நோயாளியை அனுப்பி விடுவதும் உண்டு. இங்கே அது நடக்கவில்லை.

நியோஸ்டிக்மின் சோதனை

7.45க்கு அட்ரோபின் 0.6 மி.கி. ரத்தக்குழாயில், அடுத்து நியோஸ்டிக்மின் 1.5 மி.கி. தசையில். 0.5 மி.கி. ஆம்பூல் என்றால் மூன்று உடைக்க வேண்டும். அட்ரோபின் முதலில் போக வேண்டும். இல்லையென்றால் எச்சில் பெருகும், நாடி இறங்கும். விழுங்க முடியாத ஆளுக்கு எச்சில் பெருகுவது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு 10 நிமிடத்துக்கு ஒரு முறை அளவுகோலை இமையருகே பிடித்து எழுதினார்கள்: 4, 4, 3, 3, 3. பலன் இல்லை. 'கொஞ்சம் பரவாயில்லை போல' என்று கண்மட்டத்தில் எழுதாமல் மில்லிமீட்டரில் எழுதியது மெச்ச வேண்டிய வேலை.

நல்ல பாம்பு கடித்தவருக்கு இதே ஊசி போட்டால், அரை மணி நேரத்துக்குள் இமை எழுந்து ஆள் பேசத் தொடங்குவதைப் பார்க்கலாம். ஒரே குடும்பத்துப் பாம்பு, ஒரே அறிகுறி. ஆனால் ஒன்றில் ஊசி பேசுகிறது, மற்றொன்றில் பேசவில்லை. காரணத்தைப் பார்க்க நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்துக்குள் இறங்க வேண்டும்.

சந்திப்பின் எந்தக் கரை?

மூளையிலிருந்து வரும் மின்துடிப்பு நரம்பின் முனையை எட்டும்போது, அங்கே கால்சியம் வாய்க்கால்கள் திறக்கின்றன. உள்ளே பாயும் கால்சியம், அசிட்டைல்கோலின் அடைத்த சிறு பைகளை முனையின் சவ்வோடு சேர்த்து உடைக்கிறது. அசிட்டைல்கோலின் குறுகிய இடைவெளியைத் தாண்டி எதிர்க்கரையில், தசையின் மேல் இருக்கும் ஏற்பியில் உட்கார்கிறது. அந்த ஏற்பியே ஓர் அயனி வாய்க்கால்தான். ஐந்து துண்டுகள் வட்டமாகக் கூடி நடுவில் துளை விட்டது. இரண்டு அசிட்டைல்கோலின் உட்கார்ந்தால் துளை திறந்து சோடியம் பாய்கிறது, தசை சுருங்குகிறது. வேலை முடிந்த அசிட்டைல்கோலினை ஒரு நொதி உடனே வெட்டிப் போடுகிறது. நரம்பு முனையில் பொட்டாசியம் வாய்க்கால்கள் திறந்து, பொட்டாசியம் வெளியேறி, முனை பழைய நிலைக்குத் திரும்புகிறது. அடுத்த துடிப்புக்குத் தயார்.

இதை ஒரு ஏரியாக நினைத்துப் பார்க்கலாம். நரம்பு முனை ஏரி, தசை அது பாயும் நெல்வயல். நல்ல பாம்பின் ஆல்பா நச்சு வயலின் மடைவாயில் கல்லை அடைக்கிறது. ஏரியில் தண்ணீர் குறையவில்லை. கல்லும் நிரந்தரமாக ஒட்டியதில்லை, அசிட்டைல்கோலினோடு இடத்துக்குப் போட்டி போட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறது. நியோஸ்டிக்மின் அந்த வெட்டும் நொதியை நிறுத்துகிறது. அதாவது வீணாகப் போகும் தண்ணீரின் மதகை அடைத்து வாய்க்காலில் மட்டத்தை உயர்த்துகிறது. தண்ணீர் ஏற ஏற, கல் அடைக்காத மடைகள் வழியாக வயலுக்குப் பாய்கிறது. ஏ.எஸ்.வி. வந்து மிச்சக் கற்களையும் பிடித்துக்கொள்கிறது.

கட்டுவிரியனில் கெடுவது ஏரியே. அதன் விஷத்திலும் மடையை அடைக்கும் ஆல்பா நச்சு உண்டு. ஆனால் கட்டுவிரியன் கடியை கட்டுவிரியன் கடியாக ஆக்குவது பீட்டா பங்காரோடாக்சின் வகை. 1963-இல் தைவானில் சி.சி. சாங், சி.ஒய். லீ என்ற இருவர், அந்தத் தீவின் கட்டுவிரியன் இனம் ஒன்றின் விஷத்தை மின்புலத்தில் ஓட விட்டுப் பிரித்தபோது ஆல்பா, பீட்டா என்று பெயர் வைத்த பகுதிகள் இவை. ஆல்பா பகுதி பின்னாளில் தசை ஏற்பியைப் பிரித்தெடுக்கும் கொக்கியாகவே ஆய்வகங்களில் பயன்பட்டது. அவ்வளவு இறுக்கமாக ஒட்டும். அந்த அம்மாவின் மூச்சை நிறுத்தியது பீட்டா.

பீட்டா நச்சு இரண்டு சங்கிலி கொண்டது, ஒரு கந்தகப் பிணைப்பு இரண்டையும் கட்டியிருக்கிறது. சின்னச் சங்கிலிக்கு 60 அமினோ அமிலம் அளவு. அது நேராக நரம்பு முனையின் பொட்டாசியம் வாய்க்கால் வாசலில் போய் உட்காரும். ஆப்பிரிக்க மாம்பா பாம்புகளின் டென்ட்ரோடாக்சின் செய்யும் அதே வேலைதான், வடிவமும் நெருங்கிய உறவு. மாம்பா நச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. பொட்டாசியம் வெளியேற முடியாததால் முனை தணியாமல் மேலும் மேலும் அசிட்டைல்கோலினைக் கொட்டும், தசை துள்ளும். கட்டுவிரியன் நச்சில் அந்தச் சங்கிலி விலாசம் காட்டும் ஆள் மாதிரி. அது பிடித்துக் கொடுத்த இடத்தில் பெரிய சங்கிலி வேலையைத் தொடங்குகிறது. அது 120 அமினோ அமிலம் அளவுள்ள பாஸ்போலிப்பேஸ் ஏ2, கொழுப்பை அறுக்கும் நொதி. நரம்பு முனையின் சவ்வு கொழுப்பாலானது. சவ்வு அறுபட அறுபட கால்சியம் கட்டுக்கடங்காமல் உள்ளே வருகிறது, பைகள் எல்லாம் உடைந்து தீர்கின்றன, மைட்டோகாண்ட்ரியா வீங்கிச் சிதைகிறது. முனை அழிகிறது.

ஆய்வகத்தில் தசையோடு நரம்பைப் பிரித்து வைத்து இந்த நச்சை விட்டால் மூன்று கட்டம் தெரியும். முதலில் கொஞ்ச நேரம் துடிப்பு குறையும். பிறகு பொட்டாசியம் வாய்க்கால் அடைபட்டதால் சிறிது நேரம் கூடும். கடைசியில் மெதுவாக, முழுதாக நின்று போகும். எலிகளில் ஒரு நாளுக்குள் முனைகள் உதிர்ந்துவிடுகின்றன. புது முனைகள் தசையை எட்ட சில நாள் ஆகிறது, முழு வேலைக்கு வர வாரங்கள் ஆகின்றன.

இங்கே நியோஸ்டிக்மின் போடுவது வற்றிய ஏரிக்கு மதகை அடைப்பது. சேமிக்கத் தண்ணீரே இல்லை. கட்டுவிரியன் என்று உறுதியாகத் தெரியாதபோது சோதித்துப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் மூன்று டோஸுக்கு மேல் போகக் கூடாது. இந்தக் கேஸில் ஒன்றோடு நிறுத்தினார்கள். ஏ.எஸ்.வி. ரத்தத்தில் சுற்றும் நச்சைப் பிடிக்கும். நரம்பு முனையில் ஏற்கெனவே கொழுப்பை அறுத்துக்கொண்டிருக்கும் நச்சை எட்டிப் பிடிக்காது, அறுபட்ட சவ்வை ஒட்டவும் செய்யாது. அதனால்தான் இமை எழவில்லை. மருந்து போலியும் இல்லை, அளவு குறைந்ததும் இல்லை.

கழுத்தைப் பார்க்காமல் விரல் கிளிப்பைப் பார்த்தது

நரம்புத் தசைச் சந்திப்பில் கையிருப்பு தாராளம். ஏற்பிகளில் முக்கால் பங்கு அடைபட்டாலும் தசை சமாளித்துவிடும். சின்னத் தசைகளில் இந்தக் கையிருப்பு சீக்கிரம் தீர்கிறது. அதனால் முதலில் இமை, பிறகு விழுங்கும் தசை, பிறகு கழுத்து, கடைசியில் உதரவிதானம். இந்த வரிசை தெரிந்தவருக்குக் கழுத்து எச்சரிக்கை மணி. தலையைத் தூக்க முடியாதவருக்கு அடுத்து நிற்கப் போவது மூச்சு.

8.00க்குத் தலை தூக்க முடியவில்லை. 8.15க்கு ஒரே மூச்சில் 9 வரை. பேச்சு குழறும்போது எண்ணச் சொல்வது தப்பாகக் காட்டும் என்பது உண்மை. கழுத்துத் தேர்வு பொய் சொல்லாது. ஆனால் எல்லோர் கண்ணும் ஆக்சிஜன் செறிவு காட்டும் விரல் கிளிப்பின் எண்ணில். ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருந்ததால் அது 99 காட்டியது. மூச்சு ஆழம் குறைந்தாலும், மாஸ்க் வழியாகச் சுத்த ஆக்சிஜன் கிடைக்கும்வரை ரத்தம் சிவப்பாகவே இருக்கும். வெளியே போக வேண்டிய கார்பன் டை ஆக்சைடு உள்ளே தேங்குவதை அந்தக் கிளிப் காட்டாது. 'மருந்து முடியட்டும், பிறகு அனுப்பலாம்' என்று 8.50 வரை வைத்திருந்தார்கள். மூச்சுக்குழாயில் டியூப் போடத் தெரிந்தவர் அங்கே இருந்தால் 8.00க்கே போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் 8.00க்கே, கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பு பையோடு கிளம்பியிருக்க வேண்டும். மருந்தை வண்டியிலும் ஏற்றலாம்.

108 வண்டி பள்ளிகொண்டாவைத் தாண்டும்போது, 9.20க்கு, செறிவு 86. கடைவாயில் எச்சில் நுரை, கூப்பிட்டால் முனகல்கூட இல்லை. வண்டியில் இருந்த மருத்துவ உதவியாளர் இடப்பக்கம் சாய்த்து எச்சிலை உறிஞ்சி, மல்லாத்தி, தாடையைத் தூக்கிப் பிடித்து ஆம்பு பையால் மூச்சு கொடுத்தார். 5, 6 வினாடிக்கு ஒரு முறை, மார்பு எழும் அளவுக்கு மட்டும். பதற்றத்தில் வேகமாக அமுக்கினால் காற்று வயிற்றுக்குப் போய் வாந்தி வரும், அது நுரையீரலில் இறங்கும். ஆளைக் காப்பாற்றியது அந்த 25 நிமிடம். கேஸ் ஷீட்டில் அதற்கு ஒரே ஒரு வரி.

9.45க்கு வேலூரில் டியூப். தமனி ரத்தத்தில் அமிலக் குறியீடு 7.16, கார்பன் டை ஆக்சைடு 82. மாஸ்க்கோடு 99 காட்டிய அதே ஆள். வென்டிலேட்டரில் மூச்சுக்கு 350 மி.லி., நிமிடத்துக்கு 14. உயரத்துக்கு ஏற்ற எடை 48 கிலோ, அதில் கிலோவுக்கு 6 முதல் 8 மி.லி. என்ற கணக்கு.

'இன்னும் மருந்து போடுங்க டாக்டர்'

10.15க்கு இரண்டாவது 10 வயல் ஏற்றினார்கள். முடக்கம் கூடிக்கொண்டே போனால் ஒரு மணி, இரண்டு மணி இடைவெளியில் ஒருமுறை திரும்பப் போடலாம், மொத்தம் 20. அதுவரை வழிகாட்டியோடு ஒத்துப்போகிறது. இரவு 9 மணிக்கு மூன்றாவது 10 ஏறியது. அதற்கு மருத்துவக் காரணம் எதுவும் எழுதப்படவில்லை. காலையிலிருந்து வாசலில் நின்ற உறவினரின் அழுத்தம்தான் காரணம் என்று நினைக்கிறோம்.

கணக்கைப் பார்க்கலாம். இந்திய ஏ.எஸ்.வி. மி.லிட்டருக்கு 0.45 மி.கி. கட்டுவிரியன் விஷத்தைச் செயலிழக்கச் செய்யும் என்று அட்டையில் இருக்கும். ஒரு வயல் 4.5 மி.கி. முதல் பத்திலேயே 45 மி.கி. ஒரு கட்டுவிரியனிடமிருந்து ஒரு தடவை கறக்கும் விஷம் பொதுவாக அதைவிடக் குறைவு. அந்த விஷத்தைக் கறந்து கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள், 1978-இல் தொடங்கி வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். விஷம் கறந்து, குதிரைக்கு ஏற்றி, எதிர்ப்புரதம் பிரித்து வரும் மருந்து அது. ஸ்டோரில் எண்ணி வைத்திருக்கும் வயல். மூன்றாவது பத்து, அன்றிரவு வரக்கூடிய இன்னொரு கடிக்கு உரியது.

விரிந்த கண்மணிக்குள் விழித்திருந்தவர்

அதே நாள் மாலை 6 மணிக் குறிப்பு: கண்மணிகள் இரண்டும் 7 மி.மீ., வெளிச்சத்துக்கு அசைவில்லை. தலையைத் திருப்பினால் கண் திரும்பவில்லை. தொண்டையைத் தொட்டால் அனிச்சை இல்லை. வலி கொடுத்தால் எந்த அசைவும் இல்லை. குறிப்பின் ஓரத்தில் யாரோ 'மூளைச்சாவு?' என்று கேள்விக்குறியோடு எழுதியிருந்தார்கள்.

கட்டுவிரியன் கடியில் இந்தக் கேள்வியையே எழுதக் கூடாது. மூளைச்சாவுத் தேர்வு முழுவதும் தசை அசைவை வைத்துத்தான். நரம்பு முனைகள் அழிந்த உடம்பில் அந்தத் தேர்வுகள் எதையும் சொல்லாது. கண்மணியைச் சுருக்கும் தானியங்கி நரம்பும் விஷத்தில் மாட்டியிருப்பதால் கண்மணி விரிந்தே நிற்கும். அந்த அம்மா முழு நினைவோடு, எல்லாம் கேட்டுக்கொண்டு, ஒரு விரலையும் அசைக்க முடியாமல் படுத்திருக்கக்கூடும். அதனால் மூளை மின்வரைபடம் எடுப்பது நல்லது. அதற்கும் முன்னால் காதருகே போய்க் கேட்பது நல்லது.

இரவு ஷிஃப்ட் நர்ஸ் அதைச் செய்தார். "அக்கா, கேக்குதா? எடது கால் கட்டவெரல அசை பாப்பம்." எதுவும் நடக்கவில்லை. போர்வையை விலக்கி, மறுபடியும் கேட்டு, பதினைந்து வினாடி காத்திருந்தார். இடது கட்டைவிரல் மிக மெதுவாக அரை சென்டிமீட்டர் போல மடங்கி நின்றது. "இன்னொரு தடவ." மீண்டும் மடங்கியது. அதற்குப் பிறகுதான் மயக்கமும் வலிநிவாரணமும் ஒழுங்காக எழுதப்பட்டன. அதற்கு முன்பு டியூப் போட்டது, உறிஞ்சுக்குழாய் விட்டது எல்லாம் விழித்திருந்த ஆளுக்கு. இமை முழுதாக மூடாததால் கண் காய்ந்துவிடும். களிம்பு போட்டு ஒட்டி வைத்தார்கள்.

இரண்டாம் நாள் நரம்புக் கடத்தல் சோதனையில் உணர்வு நரம்புகள் சரியாக இருந்தன, தசைத் துடிப்பின் உயரம் வெகுவாகக் குறைந்திருந்தது. கேடு நரம்புத் தண்டில் இல்லை, அதன் கடைசி முனையில் என்பதற்கு அதுவே சாட்சி. ரத்தத்தில் பொட்டாசியம் 2.9 ஆகக் குறைந்திருந்தது. 'பொட்டாசியம் வாய்க்காலை நச்சு அடைத்ததால்தான்' என்று சிலர் எழுதுவார்கள். தவறு. முனையில் நடக்கும் அடைப்பு ரத்த அளவை மாற்றாது. அட்ரினலின் பெருக்கம் பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளுவதுதான் பொருத்தமான விளக்கம். அதனால் ஈடுகட்டும்போது நிதானம் வேண்டும், அளவு தாண்டினால் தள்ளப்பட்டது திரும்ப வந்து ஏறிக் கொள்ளும்.

புது முனைகள் வளரும்வரை

இதற்குப் பிறகு செய்ய வேண்டியது காத்திருப்பு. படுக்கையின் தலைப்பக்கம் 30 டிகிரி உயர்த்தி, இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டி, மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூபில் உணவு, வாயைச் சுத்தம் செய்தல், எச்சில் உறிஞ்சுதல். மூன்றாம் நாள் விரல்கள், புருவத்தில் ஒரு சுருக்கம். நான்காம் நாள் 101.5 டிகிரி காய்ச்சல், எக்ஸ்ரேயில் இடது கீழ் நுரையீரலில் வெள்ளை. வென்டிலேட்டர் நிமோனியா, சளிக் கல்ச்சர் எடுத்து ஆன்டிபயாட்டிக். கட்டுவிரியன் கடியில் முதல் நாளைத் தாண்டியவருக்கு அதிக ஆபத்து இந்த இடத்தில்தான் வருகிறது, விஷத்தில் அல்ல.

ஐந்தாம் நாள் இமை 3 மி.மீ., கழுத்து 2 வினாடி. அவசரப்பட்டு டியூபை எடுக்கவில்லை. ஆறாம் நாள் தலையை 6 வினாடி தூக்கினார், இருமல் பலமாக வந்தது, எச்சிலைத் தானே விழுங்கினார். அன்று மதியம் டியூப் வெளியே. பத்தாம் நாள் வீட்டுக்கு. இமை காலையில் 8, சாயங்காலம் 6. களைத்தால் சரிவது இன்னும் சில வாரம் இருக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். தரையில் படுக்க நேர்ந்தால் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிக்கொள்ளவும், இலை மூட்டைகளைப் படுக்கும் அறையிலிருந்து மாற்றவும் எழுதிக் கொடுத்தார்கள்.

தமிழ்நாட்டில் 2024 நவம்பர் முதல் பாம்புக்கடி அறிவிக்க வேண்டிய நோய். படிவத்தில் 'பாம்பின் வகை' என்ற இடத்தில் முதலில் 'தெரியாது' என்று போட்டிருந்தார்கள். பாம்பைப் பார்க்காவிட்டாலும் இந்தக் கேஸில் வகை தெரியாததல்ல. 'கட்டுவிரியன், அறிகுறிகளின் அடிப்படையில்' என்று திருத்தினால்தான் மாவட்டத்தில் எந்தப் பருவத்தில் வென்டிலேட்டர் தேவை கூடும் என்று யாராவது கணக்குப் போட முடியும்.

பன்னிரண்டாம் நாள் அந்த அம்மா மறுபடியும் வந்தார். முட்டியும் மணிக்கட்டும் வீக்கம், லேசான காய்ச்சல், வயிற்றில் அரிக்கும் தடிப்பு. "மறுபடியும் வெசம் ஏறிடுச்சா?" என்று மாமியார் கேட்டார். விஷம் அல்ல, குதிரைப் புரதத்துக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு, சீரம் நோய். ஏ.எஸ்.வி. போட்டவருக்கு ஒன்று, இரண்டு வாரத்தில் வரும். ஏற்றிய வயல் கூடக் கூட வர வாய்ப்பும் கூடும். ஐந்து நாள் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு எழுதினார்கள், கேஸ் ஷீட்டின் மேல் ஓரத்தில் மொத்த வயல் 30 என்பதைச் சிவப்பு மையில் குறித்தார்கள்.